கல் வச்ச கவரிங் கொலுசு வாங்கப் போறீங்களா? காசு கொடுக்கும் முன் இதையெல்லாம் கேளுங்க!

தங்கம் விலை ஏற ஏற, கல்யாணம், வளைகாப்பு, கோயில் திருவிழா என எல்லாவற்றுக்கும் கவரிங் நகைகள் பக்கம் பலரும் திரும்பி வருகிறார்கள். அதில் தங்க முலாம் பூசி, சிவப்பு, பச்சை, வெள்ளைக் கற்கள் பதித்த கொலுசுக்குத் தனி மவுசு உண்டு. ஆனா, ஒரே கடையில் வாங்கிய தோடு பளபளன்னு இருக்கும்போது, கொலுசு மட்டும் சீக்கிரமே கறுத்துப் போவது ஏன்? எதைப் பார்த்து வாங்கணும், எப்படிப் பராமரிக்கணும்? விரிவாகப் பார்க்கலாம்.

கொலுசு மட்டும் ஏன் சீக்கிரம் கறுக்கிறது?

கவரிங் நகையில் தங்கம் என்பது மேலே இருக்கும் மெல்லிய தோல் மட்டும்தான். உள்ளே இருப்பது பித்தளை, செம்பு அல்லது வெள்ளி. தங்க உப்பு கலந்த கரைசலில் நகையைத் தொங்கவிட்டு மின்சாரம் செலுத்தும்போது, தங்கம் மேலே படலமாகப் படிகிறது. இதைத்தான் முலாம் என்கிறோம்.

தோட்டுக்குத் தண்ணீரும் உரசலும் குறைவு. கொலுசுக்கு அப்படி இல்லை. குளியல் தண்ணீர், சோப்பு, வீடு துடைக்கும் திரவம், தெருத் தூசி, வியர்வை, புடவை ஓரம், சுடிதார் பேன்ட், செருப்பு வார் என நாள் முழுக்க ஏதாவது ஒன்று உரசிக்கொண்டே இருக்கும். முலாம் தேய்ந்த இடத்தில் உள்ளே இருக்கும் உலோகம் வெளியே வந்து காற்றோடும் வியர்வையோடும் வினைபுரிகிறது. அதுதான் அந்தக் கறுப்பு.

'ஒன் கிராம் கோல்டு' என்றால் 1 கிராம் தங்கமா?

இல்லை. அது வியாபாரப் பெயர் மட்டுமே. முலாமின் தடிமனை மைக்ரான் கணக்கில் சொல்வார்கள். 1 மைக்ரான் என்பது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். ஒரு கொலுசின் மொத்தப் பரப்பு 50 சதுர சென்டிமீட்டர் என வைத்துக்கொள்வோம். அதில் 1 மைக்ரான் தடிமனுக்குத் தங்கம் பூசினால், ஆகும் தங்கம் கிட்டத்தட்ட 0.1 கிராம். 0.2 மைக்ரான் என்றால் வெறும் 0.02 கிராம். முழுசாக 1 கிராம் ஏற வேண்டுமானால் 10 மைக்ரானுக்கு மேல் பூச வேண்டும்!

அதனால கடையில் 'எத்தனை கிராம்?' என்று கேட்பதைவிட, 'முலாம் எத்தனை மைக்ரான்? அடியில் என்ன உலோகம்?' என்று கேளுங்க. ஒப்பிட்டுப் பார்க்க ஒரு அளவுகோல் வேண்டுமா? வெள்ளி மேல் தங்கம் பூசிய நகையை 'வெர்மெய்ல்' என்ற பெயரில் விற்க, அமெரிக்க வர்த்தக ஆணையத்தின் வழிகாட்டு விதி எதிர்பார்ப்பது 2.5 மைக்ரான்.

தினமும் போடவா, விசேஷத்துக்கு மட்டுமா?

இதை முதலில் முடிவு செய்யுங்கள். தினமும் போடுவதற்கு என்றால், வெள்ளி மேல் தடிமனாக முலாம் பூசியது நல்லது. முலாம் தேய்ந்தாலும் கையில் வெள்ளி மிஞ்சும். வருஷத்தில் நாலைந்து விசேஷத்துக்கு மட்டும் என்றால், பித்தளையில் செய்ததே போதும்.

காலில் தங்கம் போடக்கூடாது, அது மகாலட்சுமி என்று சொல்லும் வீடுகள் நிறைய. முலாமுக்கு அது பொருந்துமா என்பது அவரவர் குடும்ப வழக்கத்தைப் பொறுத்தது. பெரியவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வாங்கினால், வாங்கிய பிறகு பெட்டியிலேயே கிடக்காது.

எந்தக் கல் காலுக்குத் தாங்கும்?

கற்களின் கடினத்தன்மையை மோஸ் என்ற அளவுகோலில் 1 முதல் 10 வரை மதிப்பிடுகிறார்கள். வைரம் 10, மாணிக்கமும் நீலமும் 9. 'அமெரிக்கன் டைமண்ட்' என்று விற்கப்படும் கியூபிக் சிர்கோனியா 8-க்கு மேல். செவ்வந்திக்கல் எனப்படும் அமெதிஸ்ட் 7.

தெருத் தூசியில் இருக்கும் மணல் துகளின் கடினத்தன்மையும் சுமார் 7. அதைவிட மென்மையான கல்லை அந்தத் தூசியே கீறிவிடும். முத்தும் பவளமும் 3, 4 அளவில்தான் இருக்கின்றன. கண்ணாடிக் கல்லும் 7-க்குக் கீழேதான். இவற்றை விசேஷ நாட்களோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

கல்லைவிட முக்கியம், அதைப் பதித்த விதம். வாங்கும் முன் இதைக் கவனியுங்க:

- கல் பசையில் ஒட்டியதா, உலோகப் பிடியில் உட்கார்ந்திருக்கிறதா? பசை சோப்புத் தண்ணீரில் இளகும்.
- கெம்புக் கல் போன்றவற்றின் பின்னால் பளபளப்புத் தாள் வைத்து மூடியிருப்பார்கள். உள்ளே தண்ணீர் போனால் கல் மங்கிவிடும்.
- கொலுசை மெல்லிய துணி மேல் இழுத்துப் பாருங்க. நூல் மாட்டினால், புடவையிலும் மாட்டும்.
- காது அருகே வைத்து லேசாக ஆட்டுங்க. சலங்கை இல்லாத கொலுசில் கடகட சத்தம் வந்தால், கல் ஆடுகிறது என்று அர்த்தம்.
- கொக்கி, திருகாணியை நாலு முறை திறந்து மூடிப் பாருங்க.

அளவுக்கு, கணுக்காலைச் சுற்றி நூல் பிடித்து, ஒரு விரல் நுழையும் அளவு சேர்த்துக்கொள்ளுங்கள். மாலை நேரத்தில் கால் சற்று வீங்கும் என்பதால் அப்போது அளப்பது நல்லது.

பச்சைக் கறை வேறு, அலர்ஜி வேறு

கணுக்காலில் பச்சையாகக் கறை பிடித்தால் பயப்பட வேண்டாம். செம்பும் வியர்வையும் சேர்ந்து உண்டாகும் அந்தக் கறை கழுவினால் போய்விடும்.

ஆனால் அரிப்பு, சிவப்பு, கொப்பளம் வந்தால் அது நிக்கல் அலர்ஜியாக இருக்கலாம். முலாமுக்கு அடியில் நிக்கல் பூச்சு கொடுப்பது உண்டு. கொலுசைக் கழற்றிவிட்டு தோல் மருத்துவரைப் பாருங்கள். நெயில் பாலிஷ் பூசிப் போட்டுக்கொள்ளலாம் என்ற வீட்டு யோசனை ரொம்ப நாள் நிற்காது. அந்தப் படலமும் தேய்ந்துவிடும்.

சர்க்கரை நோயால் காலில் உணர்ச்சி குறைந்தவர்களுக்கு, கொலுசு உரசிப் புண்ணானாலும் தெரியாமல் போகலாம். கர்ப்பிணிகளுக்குக் கால் வீங்கும்போது கொலுசு இறுகலாம். இவர்கள் கழற்றி வைப்பதே பாதுகாப்பு. கைக்குழந்தைக்குக் கல்லும் சலங்கையும் வைத்தது வேண்டாம். உதிர்ந்தால் நேராக வாய்க்குத்தான் போகும்.

சுத்தம் செய்வதில் நடக்கும் தவறு

வெள்ளிக் கொலுசுக்குத் திருநீறு, பற்பசை, பித்தளைக்குப் புளி. இதுதான் நம்ம வீட்டு வழக்கம். கவரிங் கொலுசுக்கு இந்த மூன்றும் ஆகாது. திருநீறும் பற்பசையும் முலாமையே தேய்த்து எடுத்துவிடும். புளியின் அமிலம் அடி உலோகத்தையும் முத்து, பவளத்தையும் அரிக்கும்.

- கழற்றியதும் மெல்லிய பருத்தித் துணியால் வியர்வையைத் துடையுங்கள். பாதிப் பராமரிப்பு இதிலேயே முடிந்துவிடும்.
- அழுக்கு இருந்தால், மிதமான சோப்புத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, உடனே ஈரம் போக ஒற்றி எடுங்கள். ஊற வைக்காதீங்க.
- குளியல், மஞ்சள் பூசுவது, கடல், நீச்சல் குளம் எல்லாவற்றுக்கும் முன்பே கழற்றிவிடுங்கள்.
- கிரீம், சென்ட் எல்லாம் முதலில். அவை உலர்ந்த பிறகுதான் கொலுசு.
- ஒவ்வொரு கொலுசையும் தனித்தனி ஜிப் கவரில், காற்றை வெளியேற்றி வையுங்கள்.

முலாம் போய்விட்டால் மறுபடி ஏற்றிக்கொள்ளலாம். முத்து, பவளம் இருந்தால், ரசாயனக் கரைசலில் இறக்கும் முன் கழற்றிவிடுவார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

பில்லில் என்ன இருக்கணும்?

'ஒரு வருஷம் கியாரண்டி' என்று வாயால் சொல்வது போதாது. அடி உலோகம் என்ன, கியாரண்டி முலாமுக்கா, கல்லுக்கா, இரண்டுக்குமா என்பதை பில்லில் எழுதி வாங்குங்கள்.

தங்க நகையில் பிஐஎஸ் முத்திரை, தூய்மை அளவு, 6 இலக்க எச்யுஐடி என மூன்றும் இருக்க வேண்டும். 2023 ஏப்ரல் 1 முதல் ஹால்மார்க் தங்க நகைகளை இந்த 6 இலக்க எண்ணுடன்தான் விற்க வேண்டும். கவரிங் நகைக்கு தங்க ஹால்மார்க் கிடையாது. யாராவது காட்டினால், அந்த எண்ணை 'பிஐஎஸ் கேர்' செயலியில் போட்டுச் சரிபாருங்க.

கவரிங் கொலுசைத் தங்கமாக அடகு வைக்க முடியாது. விற்றாலும் தங்க விலை வராது. அதனால் இதைச் சேமிப்பாக நினைக்காமல், செலவாக நினைத்தே பட்ஜெட் போடுங்க. தங்கம் என்று சொல்லி ஏமாற்றினாலோ, பில்லில் எழுதிய கியாரண்டியைத் தர மறுத்தாலோ, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் தெரிவிக்கலாம்.