யாழும் உயிரும்

கி.மு. 399-இல் ஏதென்சு நகரச் சிறையில் சாக்கிரடீசர் நஞ்சுண்ட நாளில் நிகழ்ந்ததாகப் பிளேட்டோ அமைத்த ‘பீடோ’ என்னும் உரையாடலில், தீபை நகரத்துச் சிம்மியர் யாழினை எடுத்து ஓர் ஐயம் எழுப்புவர். (கிரேக்கரது லைரா தமிழர் யாழின் வேறாயினும் யாழெனவே வழங்குதும்.) மரமும் நரம்பும் உருவுடையன, அவற்றின் இசைவோ அருவம், தெய்வத்தன்மையது. ஆயினும் யாழ் உடைந்தால் மரம் கிடப்ப, இசைவே முன்னர் அழியும். உடற்கூறுகளின் இசைவாகிய உயிரும் அத்தன்மைத்தன்றோ என்பது வினா. வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்புக் கூட்டத்திற் செம்மை பிறத்தல்போல உணர்வு பிறக்குமென்னும் உலகாயதர் கூற்றினும் இது நுட்பமுடைத்து.

சாக்கிரடீசர் விடைகளுள் வலியது ஒன்று: இசைவு நரம்பின்வழிப் படுவதன்றி அதனை ஆளாது, உயிரோ, நீர்வேட்கையுற்ற உடலையும் பருகாவண்ணம் தடுக்கும்.

சிவஞானபோத மூன்றாஞ் சூத்திரமும் உடம்பின் வேறாக உயிருண்மை நிறுவும். சித்தாந்தம் அவ்வளவில் அமையாது. பொறிகள் உயிரால் அறிந்தும் தம்மையும் உயிரையும் அறியாதவாறு போல, உயிரும் முதல்வன் அருளாலன்றி அறியமாட்டாதென ஐந்தாஞ் சூத்திரம் காந்தத்தின்முன் இரும்பை உவமை காட்டிற்று.