புறக்காழும் கூர்வாயும்: மூங்கில் வெட்டும் கருவிகள் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

தொல்காப்பியத்து மரபியல், ஓரறிவுயிர்களை வகுக்குமிடத்து, புறத்தே காழ் உடையனவற்றைப் புல் என்றும் அகத்தே காழ் உடையனவற்றை மரம் என்றும் பிரித்துரைக்கின்றது. காழ் என்பது வைரம். அதாவது தாவரத்தின் வன்மை மிக்க பகுதி. தற்காலத் தாவரவியலின் அளவுகோல்கள் இதனின் வேறானவையெனினும், மூங்கிலைப் பொறுத்தவரை இரு பகுப்புகளும் ஒரே முடிவிற்கே வருகின்றன. மூங்கில் மரமன்று, புல். இவ்வேறுபாடு ஏட்டளவில் நிற்பதன்று. மூங்கிலை வெட்டப் புகும் ஒருவன் எக்கருவியைக் கையில் எடுத்தல் வேண்டும், அக்கருவி எத்தனை காலம் நிலைக்கும் என்னும் வினாக்களுக்கும் அதுவே அடிப்படை என்பதை எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண், வெட்டப்படும் பொருளின் இயல்பை நோக்குவோம். மூங்கிற் கழி உள்ளே கூடானது. கணுக்களில் மாத்திரம் இடைத்தட்டுகளால் அடைபட்டது. அதன் புறத்தோலில் சிலிக்கா செறிந்துள்ளது. மணலின் முதன்மைக் கூறாகிய இப்பொருள், கத்தியின் வாயை அரத்தைப் போலத் தேய்க்க வல்லது. கணுவிடைகளினுள் சில வேளைகளில் வெண்கட்டியாக உறைந்து காணப்படுவதும் இதுவே. நம் சித்த மருத்துவர்கள் இதனை மூங்கிலுப்பு என வழங்கினர். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் பற்றிக் ரசல் என்னும் மருத்துவர் இந்தியாவிலிருந்து பெற்ற மூங்கிலுப்பை இலண்டன் றோயல் கழகத்தின் கவனத்திற்குக் கொணர்ந்தார். ஜேம்ஸ் மேசி அதனை இரசாயன முறையில் ஆராய்ந்து, அது பெரும்பாலும் சிலிக்காவே என 1791இல் அறிவித்தார். இவரே பின்னர் ஸ்மித்சன் எனப் பெயர் பூண்டு, அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனத்திற்குத் தம் செல்வத்தை விட்டுச் சென்றவர். மருந்துப் பெட்டியில் இருந்த பொருளே கத்தியின் பகையுமாகும் என்பது இதனால் தெளிவாகின்றது.

இத்தகைய பொருளை வெட்டுவதற்கு முற்காலத்தவர் கைக்கொண்ட கருவி கனத்த வெட்டுகத்தியே. அதன் வெற்றி உருக்கின் தரத்தைப் பொறுத்தது. இவ்வகையில் இலங்கையின் தொன்மை பெருமைக்குரியது. சமனலவெவப் பகுதியில் கில் ஜுலெவ் நடத்திய அகழாய்வுகள், தென்மேற்குப் பருவக்காற்றின் விசையாலேயே எரிந்த உலைகள் கி.பி. 7ஆம் நூற்றாண்டு தொடக்கம் 11ஆம் நூற்றாண்டு வரை இயங்கின என்பதையும், அவற்றில் காபன் மிகுந்த உருக்கு உண்டாக்கப்பட்டது என்பதையும் நிறுவின. இம்முடிவுகள் 1996இல் வெளியாயின. தென்னிந்தியாவின் ஊட்ஸ் உருக்கும் உலகறிந்ததே. 1820ஆம் ஆண்டளவில் மைக்கேல் பரடே, கத்தி செய்வதில் வல்லவரான ஜேம்ஸ் ஸ்ரோடாட் என்பவருடன் கூடி அதனை ஆராய்ந்தார். எனவே கூர்மை நிலைக்கும் கத்திவாய் என்பது மேலைநாட்டார் நமக்குப் புதிதாய் அளித்த ஒன்றன்று.

ஆயின் இரண்டு அலகுகளைக் கொண்ட கவ்வாத்துக் கத்தரியின் வரலாறு வேறு. 1815ஆம் ஆண்டளவில் இதனைப் படைத்தவர் பேர்ட்ராண்ட் டி மொல்வில் என்னும் பிரான்சியப் பிரபு ஆவார். பதினாறாம் லூயி மன்னரின் கீழ்க் கடற்படை அமைச்சராயிருந்து, புரட்சியின்போது நாட்டைவிட்டு வெளியேறியவர் இவர். அதுவரை பிரான்சிய உழவர் திராட்சைக் கொடியை வளைந்த சிறு கத்தியாலேயே கவ்வாத்துச் செய்தனர். புதிய கத்தரி தண்டை நசுக்குகின்றது எனப் பழைய தோட்டக்காரர் குறைகூறினர். அக்குறை முற்றிலும் பொய்யன்று. எனினும் விரைவும் எளிமையும் கத்தரிக்கே வெற்றியை ஈட்டின. நீண்ட கைப்பிடிகளையுடைய பெருங்கத்தரியும் இதே தத்துவத்தில் அமைந்ததே. நெம்புகோலின் கை நீளுமளவிற்கு வாயின் விசை மிகுகின்றது.

இங்கு நாம் மனங்கொள்ள வேண்டியது யாதெனில், இக்கருவி திராட்சைக்கும் பழமரங்களுக்கும் பிறந்தது என்பதே. உள்ளீடு நிறைந்த, புறத்தே மென்மையான தண்டையே அதன் வாய் எதிர்பார்க்கின்றது. மூங்கிலோ அதற்கு நேர் எதிரானது. மேற்கூறிய நசுக்குதல் என்னும் குறை, கூடான கழியில் பன்மடங்காகின்றது. ஆகவே கத்தரிகளின் இரு வகைகளையும் பிரித்தறிதல் இன்றியமையாதது. ஒருவகையில் கூரிய அலகு தட்டையான மற்றோர் அலகின்மீது நேரே வந்து அழுந்தும். காய்ந்த சுள்ளிக்கு இது தகும். மூங்கிலை இவ்வகை தட்டையாக நசுக்கி, நெடுக்காகப் பிளந்துவிடும். மற்றைய வகையில் கூரிய அலகு வளைந்த அலகினை உராய்ந்து கடந்து செல்லும். மூங்கிலின் பக்கக் கிளைகளுக்கும் விரல் தடிப்புள்ள கழிகளுக்கும் இதுவே ஏற்றது. கழி தடிக்குமிடத்து இதுவும் பயன்படாது. பேராதனைப் பூங்காவில் காணப்படும் இராட்சத மூங்கிலை எண்ணிப் பார்ப்பின், கத்தரியின் எல்லை தானே விளங்கும்.

தடித்த கழிக்கு உரியது வாளே. மூங்கில் வேலையில் நெடுமரபுடைய யப்பானியர், அதற்கெனவே நுண்ணிய பற்கள் நெருங்கிய தனி வாளை ஆக்கிக்கொண்டனர். இழுக்கும்போது வெட்டும் இயல்பினது அது. பருத்த பற்களையுடைய மரவாள் மூங்கிலின் புறநாரைக் கிழித்துச் சிம்பாக்கும். நுண்பல் வாளோ அதனைச் செம்மையாக அறுக்கும். புறக்காழுக்கு ஏற்பக் கருவியை மாற்றியமைத்த மரபு இது.

இனி, நீடித்து உழைக்கும் கருவியை எவ்வாறு தெரிவது? சிலிக்காவின் தேய்ப்பைத் தாங்க அலகு வன்மையாயிருத்தல் வேண்டும். எனினும் அளவிற்கு மீறி வன்மையான உருக்கு, கணுவில் பட்டவுடன் வாய் உடைந்து போகும். எத்துணை நல்ல உருக்காயினும் மூங்கிலில் தேய்வது உறுதி. ஆதலின் நீடிப்பு என்பது தேயாமையன்று. தேய்ந்ததைச் செப்பனிடக்கூடிய தன்மையே. இக்கருத்தைத் தொழில்முறையில் நிலைநாட்டியோருள் சுவிற்சலாந்தின் பீலிக்ஸ் பிளிஷ் குறிப்பிடத்தக்கவர். 1945இல் அவர் தொடங்கிய பெல்கோ நிறுவனத்தின் கத்தரிகளில் அலகு, சுருள்வில், திருகாணி ஆகிய உறுப்புகளைத் தனித்தனியே கழற்றி மாற்றலாம். எந்நிறுவனத்தின் கருவியாயினும் இதுவே உரைகல்லாகும். அச்சாணி தளர்ந்தால் இறுக்கக்கூடியதா? அலகைக் கழற்றித் தீட்ட இயலுமா? மாற்று அலகு கிடைக்குமா? அறைந்து இணைக்கப்பட்ட அச்சாணியையுடைய மலிவுக் கத்தரி இவ்வினாக்களுள் எதற்கும் விடை தராது. அலகுகளுக்கிடையே இடைவெளி ஏற்பட்டதும், அது வெட்டுவதை விட்டு நசுக்கத் தொடங்கும்.

இவ்விடயம் வெறும் சிக்கனத்தைப் பற்றியதன்று. மூங்கிற் கழி சில திங்களில் முழு உயரத்தை அடைந்துவிடும். பின்னர் அது தடிப்பதில்லை. அவ்வாண்டின் இளங்கழிகளே புதரின் எதிர்காலம். கையில் உள்ள கத்தரி முதிர்ந்த கழியை வெட்டாதபோது, வெட்டுவோன் மென்மையான இளங்கழிகளையே நாடுவான்; முதிர்ந்தவை நின்று புதரை அடைக்கும். தகாத கருவி இவ்வாறு தகாத வெட்டிற்கு வழிவகுக்கின்றது.

இதனினும் பாரதூரமானது வேறொன்றுண்டு. கணுவிற்கு மேலே நெடுந்தூரம் விட்டு வெட்டப்பட்ட அடிக்கட்டை ஒரு கிண்ணமாகி, மழைநீரைத் தேக்குகின்றது. டெங்குவைப் பரப்பும் நுளம்புகளுள் ஒன்றாகிய ஏடிஸ் அல்போபிக்ரஸ், இத்தகைய மூங்கிற் கட்டைகளில் முட்டையிட்டுப் பெருகுவது நன்கறியப்பட்டது. 2017இல் இலங்கையில் 1,80,000க்கு மேற்பட்டோர் டெங்கு நோயாளராகப் பதிவாயினர் என்பதை எண்ணுமிடத்து, ஒரு வெட்டின் இடம் எத்துணை முக்கியமானது என்பது புலனாகும். கணுவை ஒட்டி மேலே வெட்டின், இடைத்தட்டே மூடியாகி நீரைத் தங்கவிடாது. கிளைகள் நெருங்கிய புதரினுள் அவ்விடத்தைத் துல்லியமாக எட்டுவது ஒடுங்கிய கூரிய வாளுக்கே இயலும். ஓங்கி வீசும் வெட்டுகத்திக்கு அன்று.

தொகுத்து நோக்குமிடத்து, ஒவ்வொரு கருவியும் தான் பிறந்த பயிரின் இயல்பைத் தன்னுள் தாங்கி நிற்கின்றது எனலாம். பிரான்சியத் திராட்சைத் தோட்டத்தின் கத்தரி மூங்கிலின் கிளைவரை உதவும். அதற்கப்பால் நுண்பல் வாளே துணை. விலையையோ பளபளப்பையோ நோக்குமுன், வெட்டப்படும் தாவரத்தின் காழ் அகத்ததோ புறத்ததோ என நோக்குதல் வேண்டும். மரபியல் வகுத்த அப்பகுப்பு, இன்றும் கருவி தெரிவோருக்கு முதற்பாடமாக அமையத் தக்கது.