பாலைவனத்தில் முதல் வீடு... துபாய்க்குக் குடும்பத்தோடு கிளம்புறீங்களா? முதல் கோடைக்கு முன் இதையெல்லாம் தெரிஞ்சுக்கோங்க!

ஜூலை மாதத்து மதியம். குழந்தையைக் குளிப்பாட்ட, நீலக் குறி போட்ட குழாயைத் திறக்கிறீர்கள். பச்சைத் தண்ணீர் வர வேண்டிய குழாயில், கை வைக்க முடியாத சூட்டில் தண்ணீர் கொட்டுகிறது. குழாயில் கோளாறு ஒன்றும் இல்லை. மொட்டைமாடித் தொட்டி வெயிலில் காய்ந்ததன் விளைவுதான் அது.

அங்கே பல வருஷம் இருப்பவர்கள், கோடை வந்ததும் கீஸரை ஆஃப் செய்துவிடுவார்கள். ஏசி ஓடும் வீட்டுக்குள் இருக்கும் கீஸரில் தேங்கிய தண்ணீர் ஆறிவிடும். அதனால் சிவப்புக் குறி போட்ட குழாயில்தான் குளிப்பதற்கு இதமான தண்ணீர் வரும். அது தீர்ந்ததும் மறுபடி சூடுதான். எனவே, எந்தக் குழாயாக இருந்தாலும் கையை வைத்துப் பார்த்த பிறகே குழந்தை மேல் ஊற்றுங்கள்.

இப்படிப்பட்ட விஷயங்களை வாடகை ஒப்பந்தம் சொல்லாது. கைக்குழந்தையோடு முதன்முறை போகும் குடும்பத்துக்கு உண்மையான பரீட்சை முதல் கோடைதான். அதற்குத் தயாராக என்னென்ன செய்யலாம்?

எப்போது போகலாம்?

நவம்பர் முதல் மார்ச் வரை துபாயில் அருமையான பருவம். மாலையில் பூங்காவில் உட்காரலாம், குழந்தை ஓடி விளையாடலாம். ஜூன் முதல் செப்டம்பர் வரை பகலில் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது சாதாரணம். கடலோரம் என்பதால் இரவிலும் புழுக்கம் குறையாது. ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை, மதியம் 12.30 முதல் 3 மணி வரை திறந்தவெளியில் வேலை வாங்கவே அங்கே தடை இருக்கிறது என்றால் பார்த்துக்கோங்க.

ஸ்கூல் போகாத குழந்தை என்றால் அக்டோபர், நவம்பரில் போவது நல்லது. வெயில் வருவதற்குள் ஊரும் நாலு மனிதர்களும் பழகிவிடுவார்கள். சி.பி.எஸ்.இ பள்ளியில் சேர்ப்பதாக இருந்தால், அங்கேயும் கல்வியாண்டு ஏப்ரலில்தான் தொடங்கும். அதற்கு முன்பே போய்விடுங்கள்.

திருமணச் சான்றிதழ், குழந்தையின் பிறப்புச் சான்றிதழ் இரண்டுக்கும் அட்டஸ்டேஷன் வாங்குவதை இங்கேயே முடித்துவிடுங்கள். மாநில அரசு, மத்திய வெளியுறவு அமைச்சகம், அமீரகத் தூதரகம் என்று வரிசையாகப் போக வேண்டும். கடைசி முத்திரை அமீரக வெளியுறவு அமைச்சகத்தில்.

சாவி வாங்க எவ்வளவு தேவை?

அங்கே வாடகையை வருடக் கணக்கில்தான் பேசுவார்கள். முன்தேதியிட்ட செக்குகளாகக் கொடுப்பது வழக்கம். உதாரணத்துக்கு, வருட வாடகை 60,000 திர்ஹாம், நாலு செக் என்று வைத்துக்கொள்வோம். முதல் செக் 15,000. டெபாசிட் வழக்கமாக 5 சதவிகிதம், அதாவது 3,000. புரோக்கர் கமிஷன் இன்னொரு 5 சதவிகிதம், 3,000. ஃப்ளாட்டுக்கு மின்சாரம், தண்ணீர் இணைப்பு டெபாசிட் 2,000. ஆக, கட்டில் வாங்குவதற்கு முன்பே 23,000 திர்ஹாம் கையில் இருக்க வேண்டும்!

வாடகை ஒப்பந்தத்தை 'எஜாரி' என்ற அரசுப் பதிவில் ஏற்றியாக வேண்டும். குடும்ப விசாவுக்கும் இதைக் கேட்பார்கள். இன்னொரு விஷயம், வருட வாடகையில் 5 சதவிகிதம் வீட்டுக் கட்டணமாக மாதாமாதம் கரன்ட் பில்லோடு சேர்ந்து வரும். நம் கணக்கில் அது மாதம் 250 திர்ஹாம். பட்ஜெட்டில் பலர் மறப்பது இதைத்தான்.

வீடு பார்க்கும்போது...

ஏசி செலவு யாருடையது என்பதை முதலில் கேளுங்கள். சில கட்டடங்களில் வாடகையிலேயே அடக்கம். சிலவற்றில் 'சில்லர்' பில் தனியாக வரும். வாடகை குறைவு என்று போய், கோடையில் அந்த பில்லைப் பார்த்து முழிக்கக் கூடாது.

மேற்கு பார்த்த பெரிய கண்ணாடி ஜன்னல் போட்டோவில் அழகாக இருக்கும். சாயங்கால வெயில் முழுவதும் உங்கள் ஹாலில்தான் இறங்கும். பால்கனிக் கதவுக்குக் குழந்தைக்கு எட்டாத உயரத்தில் பூட்டு போடுங்கள். பால்கனியில் நாற்காலி, டீப்பாய் என ஏறி நிற்கக்கூடிய எதையும் வைக்காதீர்கள். புழுதிக் காற்று அடித்த பிறகு ஏசி ஃபில்டரைச் சுத்தம் செய்தால் இருமல், தும்மல் தொல்லை குறையும்.

பெட்டியில் கசகசா வேண்டாம்!

குருமாவுக்கு அரைக்கிற கசகசா, அமீரகத்தில் தடை செய்யப்பட்ட பொருள். 'ஒரு சின்ன பொட்டலம்தானே' என்று அம்மா மசாலாவோடு வைத்துவிடலாம். கிளம்பும் முன் ஒருமுறை பெட்டியைப் பாருங்கள். கோடீன், டிரமடால் உள்ள மருந்துகளுக்கும் கட்டுப்பாடு உண்டு. டாக்டர் சீட்டு மட்டும் போதாது, அந்நாட்டு அரசின் முன் அனுமதி வேண்டும்.

நாலு சுவருக்குள் நாலு மாதம்

அவர் காலையில் ஆபீஸ் கிளம்பிவிடுவார். வெளியே கால் வைக்க முடியாத வெயில். உள்ளே ஏசி சத்தம், ஒரு குழந்தை, ஒரு டிவி. 'எல்லா வசதியும் இருக்கு, அப்புறம் ஏன் அழுகை வருது?' என்று முதல் கோடையில் தவித்துப் போகும் அம்மாக்கள் உண்டு. இது நன்றி கெட்டத்தனம் இல்லை, தனிமை. கணவர் இதைப் புரிந்துகொள்வதுதான் பாதி மருந்து.

வீடு தேடும்போதே, நடந்து போகிற தூரத்தில் சூப்பர் மார்க்கெட்டும் மெட்ரோ ஸ்டேஷனும் இருக்கிறதா என்று பாருங்கள். கராமா, பர் துபாய் பகுதிகளில் நம் மளிகைக் கடைகளும் தமிழ்ப் பேச்சும் சகஜம். கோடையில் காலை ஆறு மணிக்குப் பூங்கா, மாலையில் குழந்தையோடு மாலுக்குள் ஒரு நடை என்று பழக்கப்படுத்திக்கொள்ளலாம். வெயில் ஊரில் இருந்தும், வெளியே போகாததால் வைட்டமின் டி குறைவது அங்கே பரவலான பிரச்னை. அசதி தொடர்ந்தால் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். கணவரின் விசாவில் இருந்தபடியே, உரிய அனுமதி பெற்று மனைவியும் வேலைக்குப் போகலாம்.

பாட்டியிடம் ஒரு விஷயத்தை முன்பே சொல்லிவையுங்கள். அமீரகத்தில் வாட்ஸ்அப் மெசேஜ் போகும், கால் பொதுவாகப் போகாது. பாட்டிம் போன்ற அனுமதி பெற்ற ஆப்பை ஊரிலேயே அவர் போனில் போட்டுப் பழக்கிவிடுங்கள். இந்திய நேரத்துக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால் இருப்பதால், அங்கே இரவு எட்டு மணி என்றால் இங்கே ஒன்பதரை. பாட்டி தூங்குவதற்குள் பேரன் முகத்தைக் காட்டிவிட வேண்டும்!

கடைசியாக ஒன்று. அங்கே மணல்வெளியில் 'காஃப்' என்றொரு மரத்தைப் பார்ப்பீர்கள். அமீரகத்தின் தேசிய மரம். தண்ணீரைத் தேடி வேரை ஆழமாக இறக்கி, கொளுத்தும் வெயிலிலும் பச்சையாக நிற்கும். அது வேறு எதுவும் இல்லை, நம் ஊர் வன்னி மரம்தான். விருத்தாசலம் கோயிலில் தல விருட்சமாக நிற்கிறதே, அதே மரம். குழந்தைக்கு முதலில் அதைக் காட்டுங்கள். புது ஊரில் தெரிந்த முகம் ஒன்று கிடைத்த மாதிரி இருக்கும்.