ஓட்டத்தடத்துக்கு எந்த டிஸ்க்? திருகோணமலைக் கரையிலிருந்து ஒரு வெப்பக் கணக்கு

திருகோணமலை மாவட்டத்தில் கார் ஓட்டத்தடம் கிடையாது. வேகக் கார் வைத்திருக்கும் ஒருவர் அதன் முழுத் திறனையும் பார்க்க விரும்பினால், ஏ6 வீதியில் கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை, குருநாகல் கடந்து மேல்கரைக்குப் போய், களுத்துறைக்கு அருகே கட்டுகுருந்த விமான ஓடுதளத்தில் நடக்கும் ஓட்டங்களில் சேரவேண்டும். போகும்போதும் அதே கார், தடத்திலும் அதே கார், இரவு வீடு திரும்பவும் அதே கார். போட்டிக் காரைப் போல டிரெய்லரில் ஏற்றி வரும் வசதி பெரும்பாலோருக்கு இல்லை. இந்த நிலையில் காரின் முன்சக்கரங்களுக்கு எந்த பிரேக் டிஸ்க்கைத் தெரிவது என்பதே இக்கட்டுரையின் கேள்வி. துளையிட்ட டிஸ்க்கா, கீறல் வெட்டிய டிஸ்க்கா, பீங்கான் கலந்த கரிம டிஸ்க்கா என்று கடைகள் விரிக்கும் தெரிவுகளில், காற்றுவழியுள்ள, துளையில்லாத, கரிமம் கூடிய சாம்பல் வார்ப்பிரும்பு டிஸ்க்கே நம் கரைக்காரருக்கு உரியது என்று வாதிடுகிறேன். டிஸ்க்கை அதன் முகத்தைப் பார்த்துத் தெரிவதை விட்டு, அது விழுங்கக்கூடிய வெப்பத்தைப் பார்த்துத் தெரியவேண்டும்.

முதலில் தடம். தெற்காசியாவில் கார் ஓட்டங்கள் பெருமளவு இரண்டாம் உலகப்போர் விட்டுச்சென்ற விமான ஓடுதளங்களில்தான் வளர்ந்தன. சென்னைக்கு வடக்கே சோழவரம் அப்படிப்பட்டது; 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் தனித் தடம் திறக்கப்படும்வரை தமிழ்நாட்டின் பெரிய ஓட்டங்கள் அங்கேதான். கட்டுகுருந்தவும் போர்க்காலத் தளமே. திருகோணமலையின் சீனன்குடாத் தளமும் அதே காலத்தின் பிள்ளை, 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்களின் குண்டுவீச்சைக் கண்ட இடம். ஆனால் அது விமானப்படையிடமே இருந்துவிட்டது. விமான ஓடுதளத்தில் தடம் அமைத்தால் நீண்ட நேர்பாதை கிடைக்கும், அதன் முடிவில் மிகக் கூர்மையான திருப்பம் வரும். பிரேக்குக்கு இதைவிடக் கொடிய அமைப்பு வேறில்லை. டிஸ்க் பிரேக்கே விமானச் சக்கரங்களில் தேர்ந்து, பின்னர் ஓட்டக் கார்களுக்கு வந்த பொருள் என்பதும் இதனோடு சேர்த்து நினைக்கத்தக்கது. டன்லப் நிறுவனத்தின் டிஸ்க்குகளைப் பூட்டிய ஜாகுவார் சி-டைப் 1953இல் லே மான் 24 மணிநேர ஓட்டத்தை வென்றபோதுதான், ட்ரம் பிரேக்கின் காலம் முடிந்தது என்று உலகம் ஒப்புக்கொண்டது. அந்த வெற்றியின் சாரம் ஒரு தடவை வலுவாகப் பிடித்ததில் இல்லை; மணிக்கணக்காகச் சூடேறியும் பிடி தளராமல் இருந்ததில்தான்.

கணக்கைப் பார்ப்போம். ஓட்டுநரோடு 1400 கிலோ எடையுள்ள கார் மணிக்கு 180 கிலோமீட்டரில் வந்து, 72க்கு இறங்குகிறது என்க. வினாடிக்கு 50 மீட்டரிலிருந்து 20 மீட்டர். இயக்க ஆற்றலில் இழப்பு 14 இலட்சத்து 70 ஆயிரம் ஜூல். பிரேக் பிடிக்கையில் எடை முன்னே சாய்வதால் இதில் ஏறத்தாழ 70 விழுக்காடு முன்சக்கரங்களின் பங்கு. ஆக ஒரு முன் டிஸ்க்குக்கு 5 இலட்சம் ஜூலுக்குச் சற்று மேல். வார்ப்பிரும்பு ஒரு கிலோ ஒரு பாகை சூடேற ஏறக்குறைய 500 ஜூல் வேண்டும். டிஸ்க் 8 கிலோ எனில் ஒரே பிடியில் வெப்பம் சுமார் 130 பாகை செல்சியஸ் ஏறும். 6 கிலோ எனில் 170 பாகைக்கும் மேல். காற்றின் எதிர்ப்பும் எஞ்சினின் இழுவையும் பேடுகளும் ஒரு பகுதியை வாங்கிக்கொள்ளும், எனவே உண்மை அளவு இதைவிடச் சற்றுக் குறையும். ஆனால் இரண்டு டிஸ்க்குகளுக்கும் இடையிலான விகிதம் மாறாது. வீதியில் இத்தகைய பிடி மாதத்துக்கு ஒருமுறை வந்தால் பெரிது. தடத்தில் ஒரு சுற்றிலேயே சில தடவை வரும், ஆறுவதற்கு நேரமும் கிடையாது. டிஸ்க் 500, 600 பாகையில் நிலைகொள்வது இதனால்தான்.

சிறிய தடங்கள் பிரேக்குக்கு இலகு என்ற எண்ணமும் இங்கே சோதிக்கப்படவேண்டியது. இருங்காட்டுக்கோட்டைத் தடம் 3.7 கிலோமீட்டர், கோயம்புத்தூர் செட்டிபாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வே 2.1 கிலோமீட்டர். நீளமான தடத்தில் ஒரு பிடியின் ஆற்றல் பெரிது, ஆனால் அடுத்த நேர்பாதையில் காற்று டிஸ்க்கை ஆற்றும். குறுகிய தடத்தில் பிடி சிறிது, அடுத்த பிடி உடனே வந்துவிடும். முன்னதில் டிஸ்க்கின் எடை காப்பாற்றுகிறது, பின்னதில் அதன் காற்றுவழி. எனவே எடை கூடியதும் காற்றுவழி நன்றாக அமைந்ததுமான டிஸ்க் இரண்டு இடத்துக்கும் பொருந்தும். காற்றுவழிக்குள் வளைந்த தகடுகள் உள்ள டிஸ்க்காயின் இடது வலது வேறு வேறு. தகடுகள் சுழற்சியின் திசைக்குப் பின்னோக்கிச் சாய்ந்திருந்தால்தான் நடுவிலிருந்து காற்றை வாங்கி வெளியே தள்ளும். மாற்றிப் பூட்டிய டிஸ்க்குகளைக் கராஜ்களில் பார்க்கலாம். முகத்தில் உள்ள கீறல்களின் திசையைப் பார்த்துப் பூட்டியதால் வரும் பிழை அது. பார்க்கவேண்டியது உள்ளே உள்ள தகடு.

இனித் துளைகள். துளையிட்ட டிஸ்க்குக்கு ஒரு காலத்தில் நியாயம் இருந்தது. பழைய பேடுகளின் பிசின் சூட்டில் ஆவியாகி, பேடுக்கும் டிஸ்க்குக்கும் இடையே வாயுப் படலமாக நின்றது. துளை அதற்கு வழிவிட்டது. இன்றைய தட பேடுகளில் அந்தத் தொல்லை மிகக் குறைவு. மழையில் தண்ணீரை விலக்கும் நன்மை உண்மைதான், ஆனால் அது வீதிக்குரிய நன்மை. விலையோ பெரிது: சூடேறி விரிந்து, ஆறிச் சுருங்கும் இரும்பில் ஒவ்வொரு துளையின் விளிம்பும் இழுவிசை குவியும் இடம். அங்கே மயிரிழை வெடிப்புத் தொடங்கி அடுத்த துளையை நோக்கி நடக்கிறது. போர்ஷே தன் வீதிக் கார்களில் துளையிட்ட டிஸ்க் போடுகிறதே என்று கேட்பார்கள். அதே போர்ஷே போட்டிக்கென்றே கட்டும் 911 ஜிடி3 கப் காரில், 380 மில்லிமீட்டர் விட்டமுள்ள, காற்றுவழியும் கீறலும் கொண்ட துளையில்லாத இரும்பு டிஸ்க்குகளைப் பூட்டியிருக்கிறது. ஒரே நிறுவனம் வீதிக்கு ஒன்றும் தடத்துக்கு வேறொன்றும் தெரிந்திருப்பதே போதிய சான்று. நம் நாட்டு ஓட்டங்களில் பெயர்பெற்ற மிட்சுபிஷி லான்சர் எவலூஷனும் ஐந்தாம் பதிப்பிலிருந்து பிரெம்போ காலிப்பர்களோடு வந்தது. அதன் முன் டிஸ்க் 320 மில்லிமீட்டர், காற்றுவழியுள்ளது, முகத்தில் துளை எதுவும் இல்லாதது.

கீறல் வெட்டிய டிஸ்க் வேறு வகை. கீறல் பேடின் முகத்தைச் சுரண்டிப் புதுப்பிக்கிறது, வெடிப்பைத் துளை அளவுக்கு வளர்ப்பதில்லை. பேடைக் கூடுதலாகத் தின்னும், ஓசை எழுப்பும். தட நாட்கள் அதிகம் உள்ளவருக்கு அது ஏற்கத்தக்க தெரிவு. பீங்கான் கலந்த கரிம டிஸ்க்கை, போர்ஷே 2001இல் 911 ஜிடி2இல் கொண்டுவந்த காலத்திலிருந்து, உயர்வின் அடையாளமாகப் பேசுகிறார்கள். எடை இரும்பில் பாதிதான். ஆனால் கடுஞ்சூட்டில் அதனுள் உள்ள கரிம இழைகள் உயிர்வளியோடு சேர்ந்து மெல்ல எரிந்து குறைகின்றன; ஒன்றை மாற்றும் செலவில் இரும்பு டிஸ்க்குகளைப் பல ஆண்டுகளுக்கு வாங்கலாம். நம் சூழலில் இதற்குமேல் அதைப் பேச அவசியமில்லை.

இரும்பின் தரமே உள்ளபடி ஆழமான பொருள். சாம்பல் வார்ப்பிரும்பில் கரிமம் மெல்லிய இதழ்களாகப் படிந்திருக்கிறது. இதழ்கள் வெப்பத்தை வேகமாகக் கடத்துகின்றன, அதிர்வை உறிஞ்சுகின்றன. அதே இதழ்கள் இரும்பின் இழுவலிமையைக் குறைக்கவும் செய்கின்றன. கரிமம் கூடிய டிஸ்க் மென்மையானது என்று சிலர் ஒதுக்குவது இதனால். ஆனால் டிஸ்க் உடைவது பெரும்பாலும் வலிமை போதாமல் அல்ல, முகத்துக்கும் உள்ளுக்கும் வெப்ப வேறுபாடு பெருகி வெடித்துத்தான். வெப்பம் விரைவாகப் பரவினால் அந்த வேறுபாடே சிறுக்கிறது. வலிமையில் சிறிது விட்டுக்கொடுத்துக் கடத்தலைப் பெறுவது தடத்தில் இலாபம். ஓரிடம் 700 பாகையைத் தாண்டிச் சட்டென்று ஆறினால் இரும்பின் உள்ளமைப்பு மாறி அங்கே கடினப் புள்ளி உருவாகும். சுற்றியுள்ள பகுதி தேயும், அது தேயாது, மிதி நடுங்கும். டிஸ்க் வளைந்துவிட்டது என்று நம் கராஜ்களில் சொல்லப்படும் நடுக்கத்தில் பெரும்பகுதி இந்தப் புள்ளிகளாலும் பேடின் பொருள் சீரின்றி ஒட்டுவதாலும் வருவது. சூடான டிஸ்க்கோடு நிறுத்தி மிதியை அழுத்திப் பிடித்தபடி இருந்தாலும் அப்படி ஒட்டும். நல்ல வார்ப்புக்கு மேற்கே போகவேண்டியதில்லை. 1962இல் தொடங்கிய பிரேக்ஸ் இந்தியா நிறுவனத்தின் வார்ப்பாலை தமிழ்நாட்டின் சோளிங்கரில் இயங்குகிறது. பெயரற்ற உறையில் வரும் பளபளப்பான துளை டிஸ்க்கைவிட, வார்ப்பின் வரலாறு தெரிந்த சாதாரண டிஸ்க் மேலானது.

நம் கரையின் தனிச் சிக்கல் உப்பு. இலங்கைத்துறை முகத்துவாரம் தொடங்கி மூதூர், கிண்ணியா, நகரம், நிலாவெளி, குச்சவெளி வரை கடற்காற்று படாத கார் நிறுத்துமிடம் அரிது. தடத்துக்குப் போகும் கார் வாரக்கணக்கில் நின்று கிடக்கும். முகத்தில் படியும் துரு ஓரிரு பிடியில் போய்விடும். காற்றுவழிக்குள் படிவது போகாது. அடுக்கடுக்காகப் பருத்து வழியை நெருக்கும், டிஸ்க் ஆறும் வேகம் குறையும். ஐப்பசி முதல் தை வரையான வாடைக்கால மழையில் இது விரைவு. நடுப்பகுதியிலும் விளிம்பிலும் துத்தநாகப் பூச்சுள்ள டிஸ்க்கைக் கேட்டு வாங்குவதும், தட நாளுக்கு முன் காற்றுவழிக்குள் விளக்குப் பிடித்துப் பார்ப்பதும் இங்கே கட்டாயம். அலுமினிய நடுப்பகுதியோடு இரும்பு வளையம் பொருத்திய இரண்டு துண்டு டிஸ்க், விரிவுக்கு இடம்கொடுப்பதால் கோட்பாட்டளவில் சிறந்தது. ஆயினும் உப்புக் காற்றில் இரும்பும் அலுமினியமும் தொடும் இடங்கள் அரித்து இறுகினால், அந்த விரிவுக்கான இடமே அடைபடுகிறது. கழற்றிச் சுத்தம் செய்யப் பழகியவருக்கே அதைப் பரிந்துரைப்பேன்.

ஈரக்காற்று பிரேக் எண்ணெயையும் தொடுகிறது. டாட் 4 எண்ணெயின் கொதிநிலை புதிதாக இருக்கையில் குறைந்தது 230 பாகை; 3.7 விழுக்காடு நீர் சேர்ந்தபின் அதற்கு விதிக்கப்பட்ட குறைந்த அளவு 155. டிஸ்க் எதுவாயினும், எண்ணெய் கொதித்தால் மிதி தரைவரை போகும். ஆகவே டிஸ்க்குக்கு ஒதுக்கிய பணத்தில் ஒரு பங்கைப் புதிய எண்ணெய்க்கும் தடத்துக்குரிய பேடுக்கும் டிஸ்க்குக்குக் காற்றைக் கொண்டுசெல்லும் குழாய்க்கும் எடுத்துவைப்பது, துளைக்குப் பணம் கொடுப்பதைவிடப் பயன் தரும். தெரிவை ஊகத்தில் விடவும் வேண்டாம். டிஸ்க்கின் ஓரத்தில் பூசும் வெப்ப வண்ணம் உண்டு. பச்சை 430 பாகையிலும், செம்மஞ்சள் 560இலும், சிவப்பு 610இலும் நிறம் மாறும். சிவப்பும் மாறியிருந்தால் அடுத்த டிஸ்க் பெரிதாகவோ காற்று அதிகமாகவோ வேண்டும். பச்சையே மாறவில்லையெனில் இருக்கும் டிஸ்க் போதும்.

கடைசியாகத் தடிப்பு. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் தொடங்கியது. இடைப்பட்ட ஆண்டுகளில் பழைய கார்களைப் பிரித்தெடுத்த பாகங்களிலேயே ஓட்டினோம். கொழும்பு பஞ்சிகாவத்தை நம் எல்லாருக்கும் கைகொடுத்தது. ஆனால் பாவித்த டிஸ்க்கைத் தடத்துக்கு வாங்குவதை ஏற்கமுடியாது. 28 மில்லிமீட்டர் தடித்த டிஸ்க்கில் நடுவே காற்றுவழி 12 எனில், இருபுற இரும்பும் சேர்ந்து 16தான். 2 மில்லிமீட்டர் தேய்ந்தால் வெப்பம் வாங்கும் இரும்பில் எட்டில் ஒன்று போய்விடுகிறது, லேத்தில் கடைந்து பளபளப்பாக்கினால் இன்னும் போகிறது. டிஸ்க்கில் பொறித்திருக்கும் குறைந்தபட்ச அளவு வீதிக்கு விதித்தது. தடத்தில் ஓடுபவர் புதிய தடிப்புக்கும் அந்த அளவுக்கும் நடுவே வந்ததும் மாற்றிவிட வேண்டும். கழற்றிய டிஸ்க்கில் வெடிப்போ குறைந்தபட்சத்துக்குக் கீழான தடிப்போ கண்டால், அதைப் பழைய இரும்புக்குப் போடுங்கள். சந்தைக்குத் திருப்பி அனுப்பாதீர்கள். அடுத்து அதை வாங்குபவர் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு கண்டி வீதியில் இறங்கக்கூடும்.