இராமநாதபுரக் கோட்டை வாயிலும் தற்காப்புரிமையும்

நம் சங்கக் கூட்டங்களிலும், மண வீடுகளிலும், பொருநையாற்றங்கரை மண்டபங்களிலும் பெரியோரும் இளைஞரும் கூடியிருக்குங்கால் ஒரு வினா அடிக்கடி எழுதல் உண்டு. கொல்ல வந்தவனைக் கொன்றால் குற்றமாமோ என்பதே அவ்வினா. குற்றமன்று என்பர் ஒரு சாரார். எக்காரணத்தாற் செய்யினும் கொலை கொலையே என்பர் மற்றொரு சாரார். இரு திறத்தாரும் சட்டத்தை நோக்காது தத்தம் மனத்திற்குத் தோன்றியவாறே உரைக்கின்றனர். இவ்வினாவை ஆராய்தற்குத் தக்க ஒரு நிகழ்ச்சி நம் திருநெல்வேலிச் சீமையின் சரித்திரத்திலேயே உளது. அதனை ஈண்டு எடுத்துரைத்தல் நம் அன்பர்க்குப் பயன்படும் எனக் கருதுகின்றோம்.

1798ஆம் ஆண்டில் பாஞ்சாலங்குறிச்சிப் பாளையக்காரராய் விளங்கியவர் வீரபாண்டிய கட்டபொம்மு நாயக்கர். கும்பினியாருக்கு அவர் செலுத்தவேண்டிய கிஸ்தியில் 3310 வராகன் நிலுவையாய் நின்றது. அப்போது கலெக்டராயிருந்த ஜாக்ஸன் துரை, தம்மை இராமநாதபுரத்தில் வந்து காணுமாறு அவ்வாண்டு ஆகஸ்டு 18ஆம் தேதி உத்தரவு விடுத்தார். இடையே குற்றாலத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் கட்டபொம்மு துரையைக் காண முயன்றார். துரையோ பேட்டி அளிக்க மறுத்துவிட்டார். ஈற்றில் செப்டம்பர் 19ஆம் தேதி இராமநாதபுரத்தில் பேட்டி கிடைத்தது. அங்கே பாளையக்காரர் மூன்று மணி நேரம் நின்றவாறே மறுமொழி கூற நேர்ந்தது என்பர்.

அவருடன் சென்றிருந்தவர் தானாபதி சிவசுப்பிரமணிய பிள்ளை. நம் மரபினர் இன்றும் பெருமையுடன் நினைவுகூரும் பெயர் அது. தம்மைச் சிறைப்படுத்தப் போகின்றனர் என்னும் ஐயம் மூண்டதும் இருவரும் கோட்டையினின்று வெளியேற முற்பட்டனர். ஊமைத்துரை தம் ஆட்களுடன் உட்புகுந்து துணை நின்றார். வாயிலில் நேர்ந்த கைகலப்பில் லெப்டினன்ட் கிளார்க் என்னும் வெள்ளை அதிகாரி உள்ளிட்ட சிலர் மாண்டனர். கட்டபொம்மு தப்பினார், தானாபதிப் பிள்ளை பிடிபட்டார்.

கும்பினியாரின் அதிகாரி ஒருவர் கொலையுண்டார். இதன் முடிவு தூக்குமரமே என்று அன்று யாவரும் எண்ணியிருப்பர். நடந்ததோ வேறு. தமக்கு இழைக்கப்பட்ட அவமதிப்பைக் கட்டபொம்மு சென்னைக் கவுன்சிலுக்கு எழுதி முறையிட்டார். கவர்னர் எட்வர்ட் கிளைவ், தானாபதிப் பிள்ளையை விடுவிக்கவும் ஜாக்ஸனை வேலையினின்று நிறுத்தி வைக்கவும் கட்டளையிட்டார். வில்லியம் பிரௌன், வில்லியம் ஓரம், ஜான் காஸமேஜர் என்னும் மூவர் அடங்கிய விசாரணைக் குழு அமைந்தது. டிசம்பர் 15ஆம் தேதி அக்குழுவின் முன் கட்டபொம்மு நேரில் தோன்றி நிகழ்ந்தவற்றை உரைத்தார். அவர் குற்றவாளி அல்லர் என்று குழு முடிவு கூறியது. ஜாக்ஸன் பதவியிழந்தார், லஷிங்டன் என்பார் கலெக்டரானார்.

இம்முடிவைப் பிற்காலச் சட்டம் கொண்டு ஒருவாறு நிறுத்துப் பார்ப்போம். அக்காலத்தில் இந்தியத் தண்டனைச் சட்டம் பிறக்கவில்லை. மெக்காலே தலைமையில் 1837ஆம் ஆண்டு வரையப்பட்ட அது, 1860இல் நிறைவேறி, 1862 ஜனவரி முதல் தேதி நடைமுறைக்கு வந்தது. இந்நாட்டு மக்கள் கொள்ளைக்கூட்டத்தாருக்கு வாளா பணிந்துவிடுகின்றனர், அவர்தம் ஊக்கத்தை மேலும் அடக்குதல் தகாது என்னும் கருத்தினால், தற்காப்புரிமையைச் சற்று விரிவாகவே அளித்ததாக வரைந்தோர் குறித்துள்ளனர். அச்சட்டத்தின் 96 முதல் 106 வரையுள்ள பிரிவுகள் இவ்வுரிமையைப் பேசின. 2024 ஜூலை முதல் தேதி முதல் பாரதிய நியாய சம்ஹிதையின் 34 முதல் 44 வரையுள்ள பிரிவுகள் அவற்றின் இடத்தில் நிற்கின்றன. உரிமையின் உயிர்நிலை மாறவில்லை.

தன் உடலையும் பிறர் உடலையும், தன் பொருளையும் பிறர் பொருளையும் காக்கும் உரிமை எல்லார்க்கும் உண்டு. ஆனால் எதிரியின் உயிரையே போக்கும் அளவிற்கு அவ்வுரிமை நீள்வது சில இடங்களில் மட்டுமே. உயிர்ப்போக்கோ கொடுங்காயமோ விளையும் என்னும் நியாயமான அச்சம், கற்பழிக்கும் முயற்சி, இயற்கைக்கு மாறான இச்சையால் தாக்குதல், ஆளைக் கடத்துதல், அமிலம் வீசுதல் ஆகியன அவ்விடங்கள். இவற்றோடு மற்றொன்றும் உண்டு. முறையின்றி ஒருவனை அடைத்துவைக்கும் நோக்குடன் தாக்குங்கால், விடுதலைக்காக அதிகாரிகளை நாடும் வழியும் இல்லை என்று அவன் நியாயமாக அஞ்சுவானாயின், அப்போதும் இவ்வுரிமை எழும். இராமநாதபுரக் கோட்டைக்கு இஃது எத்துணைப் பொருத்தம் என்பதை நம் அன்பர் நோக்குக. அடைக்க எண்ணியவரே கலெக்டராயிருக்க, கட்டபொம்மு வேறு எந்த அதிகாரியிடம் ஓடுவார்?

எனினும் எதிர்வாதம் ஒன்று உண்டு. அதனை மறைத்தல் நேர்மையன்று. அரசாங்க ஊழியர் தம் பதவியின் பேரால், நல்லெண்ணத்துடன் செய்யும் செயல், சட்டப்படி முற்றும் சரியன்றாயினும், அதனை எதிர்த்துத் தற்காப்புரிமை கொள்ளுதல் கூடாது என்று அச்சட்டமே தடை விதிக்கின்றது. உயிரச்சமோ கொடுங்காய அச்சமோ நியாயமாகத் தோன்றினால் மட்டுமே அத்தடை நீங்கும். ஆகவே ஒரு சேவகன் கையைப் பற்றினான் என்பதற்காக அவனை வெட்டுதல் தற்காப்பு ஆகாது. இராமநாதபுர நிகழ்ச்சியின் நியாயம் முழுவதும் இரண்டு வினாக்களில் அடங்கும். கலெக்டர் நல்லெண்ணத்துடன் நடந்தாரா? வாயிலில் நின்றோர்க்கு உயிரச்சம் உண்மையாகவே இருந்ததா? ஜாக்ஸன் பதவியிழந்தமை முதல் வினாவிற்கு விடை பகர்கின்றது. இரண்டாவதற்கு வாயிலில் வீழ்ந்த பிணங்களே சான்று என்போம்.

இனி, இதற்கு நேர்மாறான ஒரு செய்தியும் தானாபதிப் பிள்ளையின் பெயரோடு வழங்குகின்றது. தாமிரபருணிக் கரையிலுள்ள ஸ்ரீவைகுண்டத்தில் கும்பினியாரின் நெற்களஞ்சியம் அவருடைய ஏவலாற் கொள்ளையிடப்பட்டதென்றும், அங்கிருந்த காவற்காரன் கொல்லப்பட்டானென்றும் நாட்டுக் கதைகள் கூறும். கதை மெய்யோ பொய்யோ, மெய்யென்றே கொண்டு சட்டத்தை வினவுவோம். காவலன் கையில் ஆயுதம் இருந்தது, ஆதலால் அஞ்சிக் கொன்றோம் என்று கொள்ளையிடச் சென்றோர் கூறினால் அது செல்லாது. அங்கே தற்காப்புரிமை உடையவன் அக்காவலனே. கொள்ளையைத் தடுக்க எதிரியின் உயிரைப் போக்கவும் சட்டம் அவனுக்கு இடந்தருகின்றது. அவனுடைய தற்காப்பை எதிர்த்து மற்றவர்க்குத் தற்காப்பு இல்லை. நம்மவர் என்னும் பற்றினால் நாம் இவ்வேறுபாட்டை மறத்தலாகாது. ஒருவரே ஒரு நாள் நியாயத்தின் பக்கமும் மற்றொரு நாள் அநியாயத்தின் பக்கமும் நிற்றல் கூடும்.

பொருளைக் காக்கும் உரிமையில் நம் உழவர் பெரிதும் பிழைபடுகின்றனர். வழிப்பறியும் கொள்ளையும், இரவிற் கன்னமிடுதலும், குடியிருக்கும் வீட்டிற்குத் தீ வைத்தலும் நேருங்கால் உயிர் போக்குமளவும் எதிர்க்கலாம். ஆனால் வாழைத் தோட்டத்திற் குலையை வெட்டிக்கொண்டு ஓடுபவனையோ, களத்து நெல்லை அள்ளுபவனையோ, அவனால் உயிரச்சம் இல்லாதபோது கொல்லுதல் குற்றமேயாகும். பிடிக்கலாம், தடுக்கலாம்; உயிரைப் போக்கலாகாது.

அங்ஙனமாயின், ஆபத்து வந்த கணத்தில் ஒருவன் இத்தனையும் எண்ணி அளந்து அடிக்க வேண்டுமோ எனின், வேண்டா. மத்திய இந்தியாவிலுள்ள கட்னி நகரில் 1950 மார்ச்சு 5ஆம் தேதி ஒரு பெருங்கலகம் மூண்டது. ஒரு கூட்டம் கடையொன்றைச் சூறையாடி, சுவரில் துளையிட்டு, அடுத்திருந்த வீட்டின் கதவையும் மோதத் தொடங்கியது. உள்ளே பெண்டிரும் பிள்ளைகளும் அஞ்சி நின்றனர். வீட்டுக்குடையவர் துப்பாக்கியால் இருமுறை சுட, ஒருவர் மாண்டார், சிலர் காயமுற்றனர். கீழ் மன்றங்கள் அவரைத் தண்டித்தன. உச்ச நீதிமன்றமோ 1952இல் அவரை விடுதலை செய்தது. கூட்டம் கதவை உடைத்து உட்புகுமளவும் அவர் காத்திருக்க வேண்டியதில்லை என்றும், அத்தகைய நெருக்கடியிற் செய்ததைப் பொன் நிறுக்கும் தராசில் இட்டு நிறுத்தல் ஆகாது என்றும் நீதிபதி விவியன் போஸ் விளக்கினார்.

ஆயினும் எல்லை ஒன்று உண்டு. உடலைக் காக்கும் உரிமை அச்சம் தோன்றும்போது தோன்றி, அச்சம் நீங்கும்போது நீங்குவது. எதிரி ஆயுதத்தை எறிந்துவிட்டு ஓடினான் என்றால், அவனைத் துரத்திச் சென்று வரப்பில் வெட்டுபவன் தற்காப்பாளன் அல்லன். நல்லெண்ணத்துடன், முன் நினைவின்றி, எல்லை மீறிக் கொன்றுவிட்டால் கொலைக்குற்றம் சற்றுக் குறைந்த குற்றமாகலாம், விடுதலை ஆகாது. மறுநாள் ஆள் திரட்டிச் செல்பவனுக்கோ அக்குறைவும் இல்லை.

கட்டபொம்முவின் கதை 1798இல் முடிந்திருந்தால் இனிதே. அடுத்த ஆண்டு மேஜர் பானர்மென் படையுடன் வந்தார். செப்டம்பர் 5ஆம் தேதி பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை தாக்கப்பட்டது. தானாபதிப் பிள்ளை அம்மாதம் 13ஆம் தேதி நாகலாபுரத்தில் தூக்கிலிடப்பட்டார். அக்டோபர் 16ஆம் தேதி கயத்தாற்றில், பாளையக்காரர்களைக் கூட்டிவைத்து, விசாரணை என்னும் பெயரால் ஒரு சடங்கு நடத்திக் கட்டபொம்முவையும் புளியமரத்தில் தூக்கிலிட்டனர். முன்னை ஆண்டு வாதியையும் பிரதிவாதியையும் வேறாக நின்று கேட்டோர் மூவர் இருந்தனர். ஆதலின் ஓர் அதிகாரி மாண்டும் நியாயம் பிழைத்தது. கயத்தாற்றிலோ போர் தொடுத்தவரே நீதிபதியுமானார்; நியாயம் மாண்டது.

இதனால் நம் இளைஞர்க்கு நாம் கூறுவது இதுவே. நம் ஆற்றுப்புறத்து ஊர்களிற் பழிக்குப் பழி என்று அரிவாள் எடுத்து, இரு பக்கத்துத் தாய்மாரையும் கண்ணீர் விடச் செய்யும் கொடுமை இன்னும் ஒழிந்தபாடில்லை. அங்ஙனம் செய்வோர் யாவரும் மானங்காத்தோம், தற்காத்தோம் என்றே சொல்லிக்கொள்கின்றனர். தன் வழக்கிற்குத் தானே நீதிபதியாகும் அவர், தாம் கட்டபொம்மு என்று எண்ணிக்கொண்டு பானர்மெனின் நாற்காலியிலன்றோ அமர்கின்றனர்! வாயிலில் வந்து வெட்டுபவனைத் தடுக்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. அதற்கு அஞ்ச வேண்டா. தடுத்தபின் ஓடி ஒளியாது, காவல் நிலையத்திற்கு உடனே சென்று நிகழ்ந்ததை நிகழ்ந்தவாறே எழுதிக் கொடுங்கள். காயங்களை மருத்துவரிடம் காட்டிப் பதிவு செய்யுங்கள். தற்காப்பு என்பதை மன்றத்தில் எடுத்துக்காட்டும் பொறுப்பு உங்களுடையதே. முதல் நாளிற் கூறிய உண்மையே அங்கு உங்கட்குப் பெருந்துணையாகும். கட்டபொம்முவை 1798இற் காத்தது அவர் வாள் மட்டும் அன்று. விசாரணைக்கு அஞ்சாது சென்று உரைத்த சொல்லுமாம் என்பது நம் துணிபு.