குழலும் குண்டும்

துப்பாக்கி என்பது தமிழ்ச் சொல் அன்று. துருக்கியர் வழங்கிய ‘துஃபெக்’ என்னும் சொல்லே பல நாவுகளில் புரண்டு நம்மிடம் துப்பாக்கியாக வந்து சேர்ந்தது. அரபியில் இதன் பெயர் ‘புந்துகிய்யா’. ‘புந்துக்’ என்பது உருண்டையான ஒரு கொட்டை. அந்த அளவில் களிமண்ணை உருட்டிக் காயவைத்து, வில்லில் வைத்து எய்து பறவை வீழ்த்தினார்கள். அவ்வுருண்டைக்கும் புந்துக் என்றே பெயராயிற்று. 1260 முதல் 1277 வரை எகிப்தை ஆண்ட சுல்தான் பைபர்ஸ், அந்த வில்லை ஏந்தும் அரண்மனை அலுவலர் ஒருவரிடம் இளமையில் அடிமையாக இருந்தவர். ஆதலால் அரியணை ஏறிய பின்னும் ‘புந்துக்தாரீ’ என்ற பெயர் அவரை விட்டு நீங்கவில்லை. வெடிமருந்து வந்தபின் களிமண் உருண்டையின் பெயர் ஈய உருண்டைக்கும், அதிலிருந்து கருவிக்கும் ஏறிற்று என்பர்.

இப்பெயர் மாற்றம் நம் ஃபிக்ஹு நூல்களில் ஒரு சிக்கலையும் விட்டுச் சென்றது. களிமண் உருண்டை கூர்மையால் அன்றிக் கனத்தால் கொல்வதாகையால், அதனால் அடிபட்டு அறுக்கப்படாமலே இறந்த வேட்டைப் பிராணி ஆகாது என்று முன்னோர் எழுதினர். ஈயக்குண்டு உடலைத் துளைக்கிறதே, அதற்கும் இதே சட்டமா என்ற கேள்வி பின்னர் எழுந்தது. மாலிகீ அறிஞர் பலர் ஆகுமென்றனர். ஹனஃபீ அறிஞர் பலர் உயிருடன் பிடித்து அறுத்தாலன்றி ஆகாதென்றனர்.

அரபியர் குண்டைக் கொண்டு கருவிக்குப் பெயரிட்டனர். நாமோ ஒற்றைக்குழல், இரட்டைக்குழல் என்று குழலை எண்ணுகிறோம். துப்பாக்கியில் துப்பாக்கி என்பது எது? கட்டையா, விசையா, குழலா, குண்டா? வேடிக்கைக் கேள்வியாகத் தோன்றும் இதற்குச் சேலத்து இரும்பு ஒரு விடை சொல்கிறது. நம் நாட்டுச் சட்டம் மற்றொரு விடை சொல்கிறது.

சேலத்துக்கு அண்மையிலுள்ள கஞ்சமலையின் காந்த இரும்புக் கல் புகழ் வாய்ந்தது. கொங்கு நாட்டுக் கொடுமணலில் மூசையில் இரும்பை உருக்கிய பழந்தடயங்களை அகழ்வாராய்ச்சியாளர் கண்டெடுத்துள்ளனர். இத்தென்னாட்டு உருக்கையே மேனாட்டார் ‘ஊட்ஸ்’ என்றனர். 1795ல் ஜார்ஜ் பியர்சன் இதைப்பற்றி லண்டன் ராயல் சொசைட்டியில் கட்டுரை படித்தார். பின்னர் மைக்கேல் ஃபாரடேயும் இதை ஆராய்ந்தார். அரபியர் நல்ல வாளை ‘முஹன்னத்’, அதாவது இந்தியச் செய்வாள், என்று அழைத்தது அதற்கெல்லாம் பன்னூற்றாண்டு முந்தைய செய்தி.

இத்தகைய உருக்கு பிறந்த மண்ணில் உலகின் சிறந்த துப்பாக்கிக் குழல்களும் பிறந்திருக்க வேண்டுமே என்று தோன்றும். அங்கேதான் தடை. வாளுக்குக் கடினம் வேண்டும். குழலுக்கு இணக்கம் வேண்டும். ஊட்ஸ் உருக்கில் கரி மிகுதி. அது கூர்மையைக் காக்கும். ஆனால் உள்ளே மருந்து வெடிக்கும்போது விரிந்து கொடாமல் பிளந்துவிடக்கூடும். ஆகவே குழல் செய்யும் கொல்லர் மெல்லிரும்புப் பட்டைகளைப் பழுக்கக் காய்ச்சி, ஒரு கம்பியின்மேல் கயிறு திரிப்பதுபோல் சுற்றி, அடித்து ஒட்டி, பிறகு உள்ளே துளை தீட்டினர். மெல்லிரும்பும் உருக்கும் கலந்து சுற்றினால் மேற்பரப்பில் நீரலைபோல் வரிகள் தோன்றும். வாளின் புகழ் வேறு. குழலின் வித்தை வேறு.

இந்த வித்தையை மைசூர் அரசு நன்கறிந்திருந்தது. சேலமும் பாராமகாலும் ஹைதர் அலியின் ஆட்சியிலும் திப்பு சுல்தானின் ஆட்சியிலும் இருந்தவை. சங்ககிரியும் நாமக்கல்லும் அவர்களுடைய கோட்டைகள். ஸ்ரீரங்கப்பட்டணத்துப் பட்டறைகளில் திப்பு செய்வித்த துப்பாக்கிகளும் கைத்துப்பாக்கிகளும் இன்றும் பிரிட்டனின் காட்சிச் சாலைகளில் உள்ளன. வேங்கை வரியும், சுல்தான் தாமே வகுத்த மௌலூதி ஆண்டும் அவற்றில் பொறிக்கப்பட்டிருக்கும். அவருடைய தூதர்கள் 1788 ஆகஸ்டில் வெர்சேல்ஸ் அரண்மனையில் பதினாறாம் லூயியைக் கண்டு பேசினர். கேட்ட உதவிகளுள் கைவினைஞரை அனுப்புவதும் ஒன்று.

அதே பிரான்சில், அதற்கு மூன்றாண்டு முன்பு, ஒனோரே பிளாங் என்ற துப்பாக்கிக் கைவினைஞர் ஒரு புதுமையைக் காட்டியிருந்தார். பல துப்பாக்கி விசைகளின் உறுப்புகளைக் கலந்து குவித்து, கைக்கு வந்ததை எடுத்துப் பூட்டினாலும் பொருந்தும்படி அவர் செய்திருந்தார். 1785ல் அதை நேரில் பார்த்து வியந்து தம் நாட்டுக்கு எழுதியவர் தாமஸ் ஜெஃபர்சன். அதுவரை ஒரு கொல்லன் செய்த உறுப்பு, அரம் போட்டு இழைத்தாலன்றி, மற்றொரு கருவியில் பொருந்தாது. குண்டும் அப்படியே. பொதுவளவு வகுக்காத இடத்தில், குழலைச் செய்தவனே அதற்குரிய குண்டு வார்க்கும் அச்சையும் உடன் தருவான். அச்சு தொலைந்தால் குழல் ஊமை.

1792 உடன்படிக்கையால் சேலமும் பாராமகாலும் கம்பெனியின் கைக்கு மாறின. 1799 மே 4ஆம் நாள் திப்பு வீழ்ந்தார். அவர் பக்கம் நின்று போரிட்ட தீரன் சின்னமலை 1805ல் சங்ககிரியில் தூக்கிலிடப்பட்டார். பின்னர் 1830ஆம் ஆண்டளவில் ஜோசயா மார்ஷல் ஹீத் என்ற ஆங்கிலேயர் சேலத்து இரும்புக் கல்லை நம்பிப் பரங்கிப்பேட்டையில் ஆலை தொடங்கினார்; அது நிலைக்கவில்லை.

அளவுக்கு வருவோம். நம் ஊர்ப் பெரிய வீடுகளில் ஒரு காலத்தில் சுவரில் தொங்கிய ‘பன்னிரண்டு போர்’ துப்பாக்கியின் பெயர்க் காரணம் பலருக்குத் தெரியாது. ஒரு ராத்தல் ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாக வார்த்தால், அவற்றுள் ஒன்று எந்தக் குழலில் சரியாகப் பொருந்துமோ அது பன்னிரண்டு போர். எண் கூடினால் துளை சிறுக்கும். கைத்துப்பாக்கிகளுக்கோ அங்குலக் கணக்கு. ‘பாயிண்ட் 22’ என்றால் அங்குலத்தின் நூறில் இருபத்திரண்டு பங்களவு.

1857ல் என்ஃபீல்டு துப்பாக்கியின் காகிதத் தோட்டாவில் தடவிய கொழுப்பு சிப்பாய்களை எப்படிக் கொதிக்கச் செய்தது என்பது பள்ளிப் பிள்ளைகளும் அறிந்தது. அதே ஆண்டில் அமெரிக்காவில் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் நிறுவனம், மருந்தும் குண்டும் பற்றுமருந்தும் ஒரே உலோகக் கூட்டில் அடங்கிய பாயிண்ட் 22 தோட்டாவுக்கான சுழல் துப்பாக்கியை விற்கத் தொடங்கிற்று. கடித்துக் கிழிக்கும் காகிதத்துக்குப் பின்னாளில் வேலையே இல்லாது போயிற்று. குண்டு இனிக் கொல்லன் வீட்டு அச்சில் பிறவாது. ஆலையில், பெயரும் அளவும் இடப்பட்டுப் பிறக்கும்.

அதன் விளைவு 1967ல் நியூஹாம்ப்ஷயர் மாநிலத்து ராச்செஸ்டரில் வெளிவந்த ‘கண்டெண்டர்’ என்னும் ஒற்றைவெடிக் கைத்துப்பாக்கி. வாரன் சென்டர் என்பவர் வகுத்தது. தாம்சன் சென்டர் நிறுவனம் செய்தது. ஒரு தோட்டா இட்டு, ஒரு முறை சுட்டு, குழலை மடக்கித் திறந்து, வெறுங்கூட்டை எடுத்துவிட்டு மறு தோட்டா இட வேண்டும். முன்கட்டையைக் கழற்றி, கீலாணியைத் தள்ளினால் குழல் தனியே வந்துவிடும். வேறு அளவுக் குழலை அங்கே மாட்டலாம். குறிமுள் குழலின் மேலேயே இருப்பதால், ஒருமுறை சரிசெய்த குறி, கழற்றி மாட்டினாலும் பெரிதும் மாறுவதில்லை. விளிம்பில் அடிபட்டு வெடிக்கும் தோட்டாவுக்கும் நடுவில் அடிபட்டு வெடிக்கும் தோட்டாவுக்கும் ஏற்பச் சுத்தியலில் ஒரு மாற்றுத் திருகு உண்டு. இதில் பழகுவோருக்கு அனுபவசாலிகள் முதலில் பாயிண்ட் 22 குழலையே கொடுப்பர். அதன் உதைப்பு சிறிது, தோட்டாவின் விலையும் குறைவு. எல்லாவற்றுக்கும் மேலான விதி, குழலில் பொறித்த பெயரையும் தோட்டாவின் அடியில் பொறித்த பெயரையும் ஒப்பிட்டுப் பார்ப்பது. ‘38 ஸ்பெஷல்’ தோட்டாவை ‘357 மேக்னம்’ குழலில் சுடலாம். மறுதலையாகச் செய்வது ஆகாது.

குழல் தனியே, உடல் தனியே ஆன பிறகு, எது துப்பாக்கி என்ற கேள்வி நீதிமன்றத்துக்கு வந்துவிட்டது. அமெரிக்காவின் 1968ஆம் ஆண்டுச் சட்டப்படி விசை பூட்டிய உடலே துப்பாக்கி. குழல் வெறும் உதிரி. ஆகவே அங்கே ஓர் உடலை உரிய முறையில் வாங்கியவர், குழல்களைக் கடையில் சாமான் வாங்குவதுபோல் வாங்கிச் சேர்க்கிறார்.

நம் நாட்டில் அப்படியன்று. லிட்டன் பிரபு காலத்து 1878ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் இந்தியரை உரிமம் கேட்டு நிற்க வைத்தது. ஐரோப்பியருக்கு விலக்கு அளித்தது. விடுதலைக்குப் பின் வந்த 1959ஆம் ஆண்டுச் சட்டம் அந்த வேற்றுமையை நீக்கிற்று. ஆனால் துப்பாக்கியின் உறுப்புகளும் துப்பாக்கியே என்று வரையறுத்தது. குழலைக் குறுக்கி வெட்டுவதற்கும் தனி உரிமம் வேண்டும். 2019 திருத்தத்துக்குப் பின் ஒருவர் பொதுவாக இரண்டு துப்பாக்கிக்கு மேல் வைத்திருக்கலாகாது. கடல் கடந்து வாழும் நம் பிள்ளைகள் இதை அறிந்திருத்தல் நலம். அமெரிக்கக் கடையில் பில்லோடு வாங்கிய ஒரு மாற்றுக் குழலைப் பெட்டியில் வைத்துச் சென்னையில் இறங்கினால், அவர்கள் உதிரி என்று நினைப்பதைச் சுங்கத்தார் ஆயுதம் என்றே காண்பர்.

கல்வராயன் மலையடிவாரத்திலும் கொல்லிமலைப் பக்கத்திலும் வாய்வழி மருந்து கெட்டிக்கும் நாட்டுத் துப்பாக்கிகளைக் காவல்துறை அவ்வப்போது கேட்டு வாங்குகிறது. பரண்மேல் கிடக்கும் பாட்டனாரின் பழைய குழலுக்கும் இதே சட்டந்தான். கட்டை செல்லரித்து உதிர்ந்திருக்கலாம், விசை துருவேறி இறுகியிருக்கலாம். உரிமம் பெற்றவர் மறைந்ததும் வாரிசு அதனை அண்மைக் காவல் நிலையத்திலோ, உரிமம் பெற்ற ஆயுத வணிகரிடமோ ஒப்படைத்து ரசீது பெற்று, தம் பெயருக்கு உரிமம் வேண்டுமாயின் அதன் பிறகே விண்ணப்பிக்க வேண்டும்.