5 சென்ட் ரயில், 25 சென்ட் டிக்கெட்

நியூயார்க் போனவங்க கோனி ஐலண்ட் பார்த்திருப்பீங்க. புரூக்ளினின் தென்கோடியில், கடலோரமா சப்வே ரயிலின் கடைசி ஸ்டேஷன், ஸ்டில்வெல் அவென்யூ. 8 தண்டவாளம், 4 நடைமேடை. ஒரு கடைசி ஸ்டேஷனுக்கு எதுக்கு இவ்வளவு பெருசுன்னு தோணும்.

பூங்காக்களுக்கு வந்த கூட்டத்துக்காகத்தான். நீராவி ரயில் காலத்திலேயே ஜனங்க வர ஆரம்பிச்சாச்சு. 1920-ல் சப்வே கட்டணம் 10 சென்ட்டிலிருந்து 5 ஆனதும், கூலித் தொழிலாளி குடும்பம்கூட ஞாயிற்றுக்கிழமை கடல் பார்க்க முடிஞ்சது. 1948 வரை அதே 5 சென்ட்தான்.

இதுல ஒரு மருத்துவருக்கு என்ன வேலைன்னு கேக்கறீங்களா? அந்தக் கூட்டம் 25 சென்ட் கொடுத்துப் பார்த்த காட்சிகளில் ஒன்று, இன்குபேட்டருக்குள் உயிரோடு இருந்த குறைமாதக் குழந்தைகள்!

மார்ட்டின் கூனி என்பவர் 1903-ல் லூனா பார்க்கில் இதை ஆரம்பித்தார். பக்கத்திலேயே ரோலர் கோஸ்டர், யானை, வித்தைக்காரர்கள். கேவலமா இருக்குல்ல? எனக்கும் முதலில் அப்படித்தான் இருந்தது.

ஆனா உள்ளே நடந்தது சரியான வைத்தியம். சீரான வெப்பம், வடிகட்டிய காற்று, தாய்ப்பால், பயிற்சி பெற்ற நர்ஸுகள். ஒரு நர்ஸ் தன் மோதிரத்தைக் குழந்தையின் கையில் வளையல் மாதிரி போட்டுக் காட்டுவாராம். அவ்வளவு சின்னக் கை. பெற்றோரிடம் ஒரு காசு வாங்கவில்லை. செலவு முழுக்க டிக்கெட் பணம். அன்றைக்குப் பெரும்பாலான ஆஸ்பத்திரிகளில் இந்தக் குழந்தைகளுக்கென்று தனிப் பிரிவே கிடையாது. "பலவீனம், பிழைக்காது" என்று விட்டுவிடுவார்கள்.

இதிலும் ஒரு கொடுமை இருக்கு. கோடை முடிந்தால் பூங்கா மூடும், காட்சியும் மூடும். டிசம்பரில் குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு இந்தக் கதவு இல்லை.

8,000 குழந்தைகளைப் பராமரித்து 6,500 பேரைக் காப்பாற்றியதாக கூனி சொன்னார். அது அவர் சொன்ன கணக்கு. அவர் மருத்துவப் பட்டம் வாங்கியதற்கு ஆய்வாளர்களுக்கு ஆதாரம் எதுவும் கிடைக்கவில்லை. போலி டாக்டர்களை எதிர்த்து இங்கே எத்தனையோ முறை எழுதியிருக்கேன், அதில் ஒரு வார்த்தையும் மாறாது. ஆனா பட்டம் வாங்கினவங்க கைவிட்ட குழந்தைகளைத்தான் அவர் வாங்கிக்கிட்டார் என்பதும் உண்மை.

1943-ல் நியூயார்க்கின் கார்னெல் மருத்துவமனையில் குறைமாதக் குழந்தைகளுக்கான பிரிவு வந்தது. அதே ஆண்டு கூனி கோனி ஐலண்ட் கடையை மூடினார்.